பிரசவத்திற்குப் பின் உடற்பயிற்சி: அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டு சரிசெய்யும் முறை

பிரசவத்திற்குப் பிறகு உடற்பயிற்சியைத் தொடங்கிய பெண்கள் இயன்முறை சிகிச்சைக்கு வரும்போது சொல்லும் குறைகள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. குறைந்துவந்த உதிரப்போக்கு மறுபடியும் சிவப்பாகிறது, இருமினால் சிறுநீர் கசிகிறது, கீழே கனக்கிறது, படுக்கையிலிருந்து எழும்போது வயிறு நடுவில் புடைக்கிறது, தழும்பு இழுக்கிறது, இடுப்பு வலிக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை எளிய திருத்தங்களில் சரியாகக் கூடியவை. சில, ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதற்கான வரிசை கீழே இருக்கிறது. உங்களுக்கு இருக்கும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் அனைவரும் முதலில் படித்துவிட வேண்டும்.

## பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

ஒரு மணி நேரத்திற்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவுக்கு உதிரம் போனாலோ, கோழிமுட்டை அளவுக்குக் கட்டிகள் வெளிப்பட்டாலோ காத்திருக்கக் கூடாது. திடீரென்று மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வருவது, இருமலில் ரத்தம் வருவது ஆகியவை நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அந்தக் காலைப் பிடித்துவிடவோ நடந்து சரிசெய்யவோ முயலாதீர்கள். காலின் ஆழமான நாளத்தில் ரத்தம் உறையும் ஆபத்து பிரசவத்தை அடுத்த 6 வாரங்களில்தான் மிக அதிகம்.

கடுமையான தலைவலி, கண் மங்குதல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, வலிப்பு ஆகியவை ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருப்பதைக் காட்டலாம். கர்ப்பகாலம் முழுவதும் ரத்த அழுத்தம் இயல்பாக இருந்தவர்களுக்கும் பிரசவத்திற்குப் பிந்தைய வாரங்களில் இது வரக்கூடும். 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தையலில் சீழ் ஆகியவை நோய்த்தொற்றின் அடையாளங்கள். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்திவிடத் தோன்றும் எண்ணமும் இதே அவசரப் பட்டியலைச் சேர்ந்ததுதான். அதை அருகில் இருப்பவரிடம் அந்தக் கணமே சொல்ல வேண்டும், தனியாக இருக்கக் கூடாது.

## எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஒரு விதி

பயிற்சி செய்யும்போதும் அடுத்த 24 மணி நேரத்திலும் உடல் என்ன காட்டுகிறது என்பதே, அடுத்த நாள் எவ்வளவு செய்யலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். புதிதாக எதுவும் தோன்றாவிட்டால் அதே அளவை இன்னும் இரண்டு மூன்று முறை செய்துவிட்டுச் சிறிது கூட்டலாம். கசிவு, கனம், வலி, உதிரம் ஆகியவற்றில் ஏதாவது தோன்றினால், தொந்தரவில்லாமல் கடைசியாகச் செய்த அளவுக்கு ஒரு படி இறங்க வேண்டும். முற்றிலும் நிறுத்திவிட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஒரே நாளில் நேரத்தையும் எடையையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டால், எது தொந்தரவைத் தந்தது என்று கண்டறிய முடியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஆறாவது வாரப் பரிசோதனை முடிந்துவிட்டதால் எதையும் செய்யலாம் என்று எண்ணிக்கொள்வதே நான் பார்க்கும் தொந்தரவுகளில் பாதிக்கு மூலம். அந்தப் பரிசோதனையில் தையல், ரத்த அழுத்தம், கருப்பை சுருங்கியிருக்கும் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையின் வலிமையைச் சோதிப்பது அதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மறுபுறம், ஆறு வாரம் வரை அசையவே கூடாது என்பதும் சரியன்று. சிக்கலில்லாத பிரசவம் என்றால் முதல் சில நாட்களிலேயே மெதுவான நடையையும் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியையும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியையும் தொடங்கலாம். சிறுநீர்க்குழாய் பொருத்தியிருந்தால் அதை எடுத்த பிறகு தொடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவத் தடை இல்லாத தாய்மார்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. அது சென்றடைய வேண்டிய அளவு. தொடங்கும் அளவு அன்று. சிசேரியன், ஆசனவாய்த் தசை வரை சென்ற கிழிசல், அதிக ரத்த இழப்பு, உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தவர்கள் நடையைத் தாண்டி எதைத் தொடங்கும் முன்பும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி: குறைந்துவந்த உதிரப்போக்கு மறுபடியும் கூடுகிறது

பிரசவத்திற்குப் பிந்தைய உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் சிவப்பிலிருந்து பழுப்பாகவும் பிறகு வெளிர் நிறமாகவும் மாறிக்கொண்டே குறையும். காலையில் எழுந்து நின்றதும், பால் கொடுக்கும்போதும் சிறிது கூடுதலாக வெளிப்படுவது இயல்பு; அதற்குப் பயிற்சியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

நீண்ட நடை, படியேற்றம், கனமான பொருளைத் தூக்கியது போன்றவற்றுக்குப் பிறகு பழுப்பாக இருந்தது மறுபடி சிவப்பானால், அன்றைய உழைப்பு மிகுந்துவிட்டது என்றே முதலில் கொள்ளலாம். ஓரிரு நாள் ஓய்வெடுத்து, நடையைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். நிறம் மறுபடி மங்கினால் அந்தப் பாதி அளவிலிருந்து தொடரலாம்.

ஓய்வுக்குப் பிறகும் குறையவில்லை, அல்லது அடிவயிற்று வலியும் துர்நாற்றமும் சேர்ந்திருக்கின்றன என்றால், கருப்பைக்குள் நஞ்சுக்கொடியின் துணுக்கு தங்கியிருக்கிறதா, தொற்று ஏற்பட்டிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும், ஸ்கேன் தேவைப்படலாம். முற்றிலும் நின்று சில வாரங்கள் கழித்து வருவது மாதவிடாயாகவும் இருக்கலாம், முக்கியமாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்காதவர்களுக்கு. உதிரப்போக்கு முழுவதும் நின்று தையலும் ஆறும் வரை நீச்சல் வேண்டாம்.

## அறிகுறி: சிறுநீர் கசிகிறது

பிள்ளை பெற்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி இந்த அறிகுறியைப் பொறுத்துக்கொள்ளும்படி பெண்களைப் பழக்கிவிடுகிறார்கள். இது பலருக்கும் வருவது உண்மை. ஆனால் பலருக்கும் வருகிறது என்பதற்காகச் சிகிச்சையின்றி விட்டுவிட வேண்டிய ஒன்றன்று. எப்போது கசிகிறது என்பதை வைத்து வழி பிரிகிறது.

### இருமும்போது, தும்மும்போது, குதிக்கும்போது கசிந்தால்

முதலில் மிக எளிய காரணங்களை நீக்குங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கிறதா, அடிக்கடி சிறிது சிறிதாகப் போகிறதா என்று பாருங்கள். இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து மலச்சிக்கல். மலக்குடல் நிறைந்திருப்பது சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. தினமும் முக்கிக் கழிப்பது ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தசையை மேலும் இழுக்கிறது. நீர், நார்ச்சத்து, கழிக்கும்போது முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி அமர்வது ஆகியவற்றால் சரியாகாவிட்டால், பால் கொடுப்பவர்கள் உட்கொள்ளக்கூடிய மலமிளக்கியை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

இவை இரண்டும் இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது, இடுப்புத்தளத் தசையைச் சரியாகத்தான் சுருக்குகிறீர்களா என்பது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் பயனில்லை என்று வருபவர்களில் கணிசமானோர் தசையை மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிக்கொண்டிருப்பார்கள். சரிபார்க்கும் முறை எளிது. ஒருக்களித்துப் படுத்தோ சாய்ந்து அமர்ந்தோ, வாயு வெளியேறாமல் அடக்குவதையும் சிறுநீரை நிறுத்துவதையும் ஒரே நேரத்தில் செய்வதாக நினைத்துச் சுருக்குங்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே, மேல்நோக்கி இழுபட வேண்டும். வெளியே தள்ளிவந்தால் நீங்கள் முக்குகிறீர்கள். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யும் பழக்கத்தை மட்டும் கைக்கொள்ளாதீர்கள். அது சிறுநீர்ப்பை முழுவதும் காலியாவதைக் கெடுக்கும்.

சுருக்கம் சரியாக அமைந்த பிறகு, இரண்டு மூன்று நொடி பிடிப்பதில் தொடங்கிப் படிப்படியாகப் பத்து நொடி வரை கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பிடித்த அளவுக்கு நேரம் தளரவும் விட வேண்டும். இப்படி எட்டு முதல் பத்து முறை, அதைத் தொடர்ந்து சட்டெனச் சுருக்கி விடுவது பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இதைக் குறைந்தது 3 மாதம் தொடர்ந்தால்தான் பலனை மதிப்பிட முடியும். ஆனால் ஒரு பலன் இன்றே கிடைக்கும்: தும்மல் வரப்போகிறது, குழந்தையைத் தூக்கப்போகிறோம் என்று தெரிந்த நொடியில் முன்கூட்டியே தசையைச் சுருக்கிக்கொள்வது. இதைப் பழகியவர்களுக்குக் கசிவு கண்கூடாகக் குறைகிறது. இந்த 3 மாதங்களில் குதிக்கும் பயிற்சிகளுக்குப் பதிலாக வேகநடை, சைக்கிள், படியில் நிதானமாக ஏறி இறங்குவது ஆகியவற்றைச் செய்யுங்கள். நாப்கின் வைத்துக்கொண்டு குதிப்பதைத் தொடர்வது தீர்வாகாது.

### அடக்க முடியாமல் திடீரென முட்டிக்கொண்டு வந்தால்

பலமுறை காபி, தேநீர் குடிப்பதும், எதற்கும் இருக்கட்டும் என்று அடிக்கடி கழிவறைக்குச் செல்வதும் சிறுநீர்ப்பையை இந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். உணர்வு வந்ததும் ஓடாமல், நின்று, தசையைச் சிலமுறை சட்டெனச் சுருக்கி, உணர்வு அடங்கிய பிறகு நடந்து செல்லுங்கள். கழிவறைக்குச் செல்லும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். தொற்றுக்கான பரிசோதனை இங்கும் அவசியம்.

### பயிற்சி செய்யச் செய்யக் கூடினால்

தசை பலவீனமாக இருப்பதற்கு மாறாக எப்போதும் இறுகியே இருக்கலாம். சிறுநீர் தயங்கித் தயங்கி வருவது, தாம்பத்திய உறவில் வலி, உள்ளே வைக்கும் டாம்பானைப் பயன்படுத்துகையில் எரிச்சல், சுருக்கிய பின் தளர்ந்ததா என்றே உணர முடியாமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த நிலையில் மேலும் சுருக்கினால் மேலும் மோசமாகும். சுருக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டு, வயிறு விரியும்படி ஆழ்ந்து மூச்சிழுத்துத் தளர்த்துவதை மட்டும் செய்துகொண்டு, இடுப்புத்தளத்துக்கென்று பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

### நிபுணரிடம் செல்ல வேண்டிய கட்டம்

தசையை உணரவே முடியாவிட்டால் 3 மாதம் காத்திருக்க வேண்டாம். வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாவிட்டாலும், பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்து தையல் போட்டிருந்தாலும் முதலிலேயே செல்லுங்கள். 3 மாதம் முறையாகச் செய்தும் மாறாவிட்டால் மருத்துவர் சிறுநீர்ப்பையின் இயக்கத்தை அளக்கும் சோதனைகளைப் பரிந்துரைக்கலாம். அறுவை சிகிச்சை என்பது எல்லாவற்றுக்கும் பிறகு வருவது. மேலும் குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்களுக்கு அதைப் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். சிறுநீர் வரவே மறுத்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

## அறிகுறி: கீழே கனம், இழுப்பு, ஏதோ இறங்கிவரும் உணர்வு

முதல் சில வாரங்களில் மாலை நேரத்தில் கனப்பது களைத்த திசுக்களின் இயல்பு. காலையில் இல்லை, மாலையில் இருக்கிறது, படுத்தால் போய்விடுகிறது என்றால் பதற வேண்டாம். அன்று எவ்வளவு நேரம் நின்றீர்கள், எதைத் தூக்கினீர்கள் என்று குறித்துவைத்து, நடுவில் ஒருமுறை இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். மலச்சிக்கலை மேலே சொன்ன முறையில் சரிசெய்யுங்கள். இந்த அறிகுறியில் அது இன்னும் முக்கியம்.

அடுத்து, பயிற்சியின்போது மூச்சை எப்படி விடுகிறீர்கள் என்று கவனியுங்கள். எடையைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டால் வயிற்றுக்குள் எழும் அழுத்தம் முழுவதும் இடுப்புத்தளத்தின் மீது இறங்குகிறது. தூக்கத் தொடங்கும் முன்பே மூச்சை விடத் தொடங்கி, தசையைச் சுருக்கி, பிறகு தூக்குங்கள். குந்தி எழும் பயிற்சியில் கால்களை அகலமாக வைத்து ஆழமாக இறங்குவதைத் தவிர்த்து, கால்களைச் சற்று நெருக்கி, நாற்காலி உயரம் வரை மட்டும் இறங்கிப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டு மாற்றங்களிலேயே வித்தியாசம் தெரியும். வயிற்றை மிக இறுக்கமாகக் கட்டும் பெல்ட் அணிபவர்கள் சில நாட்கள் அதைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது. கனம் உள்ளவர்களுக்கு அது கீழ்நோக்கிய அழுத்தத்தைக் கூட்டலாம்.

தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவாக இருப்பதால் பிறப்புறுப்புச் சவ்வு வறண்டு மெலிந்திருக்கும். உரசல், எரிச்சல், கனம் ஆகியவை அதனால் மிகைப்பட்டுத் தெரியலாம். இதற்கு மருத்துவர் அந்த இடத்தில் மட்டும் தடவும் மருந்தைத் தரக்கூடும்.

பிறப்புறுப்பு வாயிலில் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது அல்லது கண்ணாடியில் தெரிகிறது, விரலால் அழுத்தினால்தான் சிறுநீரோ மலமோ முழுவதும் வெளியேறுகிறது, ஓய்வெடுத்தும் கனம் நாள்தோறும் கூடுகிறது என்றால், அது கருப்பை போன்ற உறுப்புகள் கீழிறங்கிவரும் அடியிறக்கமாக இருக்கக்கூடும். மகப்பேறு மருத்துவர் பரிசோதித்துத்தான் எந்த அளவு என்று சொல்ல முடியும். அடியிறக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் இனி வாழ்நாள் முழுவதும் பயிற்சியே கிடையாது என்று முடிவுகட்டிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது தவறான முடிவு. பிரசவத்தை ஒட்டிய இறக்கம் அடுத்த மாதங்களில் பலருக்கும் குறைகிறது. குறையாதவர்களுக்கும் தசைப் பயிற்சியுடன், உள்ளே பொருத்தும் பெசரி என்னும் வளையம் துணைநிற்கிறது. அதை அணிந்துகொண்டு நடக்கவும் ஓடவும் செய்கிறவர்கள் உண்டு.

## அறிகுறி: எழும்போது வயிற்றின் நடுவில் புடைக்கிறது

கர்ப்பத்தில் வயிறு விரியும்போது நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள நேர்தசைகள் விலகுகின்றன. அந்த இடைவெளி பெரும்பாலும் முதல் 8 வாரங்களில் வேகமாகவும் அதன்பின் மெதுவாகவும் குறைகிறது. எனவே மூன்றாவது வாரத்தில் அளந்துவிட்டுக் கவலைப்படுவதில் பொருளில்லை.

அளக்கும் முறை: முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்து, தொப்புளின் மீது விரல்களைக் குறுக்காக வைத்து, தலையையும் தோளின் மேற்பகுதியையும் மட்டும் மெல்ல உயர்த்துங்கள். இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் எத்தனை விரல் புகுகிறது என்று பாருங்கள். தொப்புளுக்கு 4 சென்டிமீட்டர் மேலும் கீழும் இதையே செய்யுங்கள். இரண்டு விரல் அகலம் வரை பொதுவாக இயல்பாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அகலத்தைவிட முக்கியமானது அடியில் விரலுக்குத் தட்டுப்படும் இறுக்கம். தலையை உயர்த்தும் முன் மூச்சை விட்டு இடுப்புத்தளத்தைச் சுருக்கினால் விரலடியில் இறுக்கம் கூடுகிறதென்றால், மூன்று விரல் அகலம் இருந்தாலும் அந்த வயிறு வேலை செய்கிறது. விரல் எதிர்ப்பின்றி அமிழ்ந்தால் அகலம் குறைவாக இருந்தாலும் உழைப்பு தேவை.

புடைப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பயிற்சியின் தேர்வு அல்லது மூச்சு. நேராக எழுந்து அமராமல் ஒருக்களித்துக் கையூன்றி எழுங்கள். பயிற்சியின்போது வயிறு கூரை முகடுபோல் நடுவில் எழும்பினால், அந்தப் பயிற்சி அந்த வயிற்றுக்கு இப்போதைக்கு மிகையானது. படுத்தபடி ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குவது, மடக்கிய ஒரு முழங்காலைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து மீட்பது ஆகியவற்றில் தொடங்கி, முகடு எழாத வரை ஒவ்வொரு படியாகக் கடினமாக்கலாம். கிரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோள்களை உயர்த்துவது), பிளாங்க் (முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்குவது) போன்றவை என்றென்றைக்கும் தடைசெய்யப்பட்டவை என்று சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. முகடு எழாமல் செய்ய முடிகிற நாளில் அவற்றையும் செய்யலாம், செய்யவும் வேண்டும். பெல்ட் முதல் வாரங்களில் ஆறுதலாக இருக்கும். அது தசையை வளர்க்காது.

படுத்தாலும் உள்ளே போகாத, தொட்டால் வலிக்கிற சிறிய கட்டி தொப்புளருகே இருந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அறுவை மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கட்டி இறுகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் அவசரம். விலகல் மட்டும் இருந்து, முதுகுவலியும் செயல்குறைவும் ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகும் தொடர்ந்தால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

## அறிகுறி: சிசேரியன் தழும்பு இழுக்கிறது அல்லது வலிக்கிறது

மேல்தோல் இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டாலும் உள்ளிருக்கும் உறுதியான சவ்வு, 6 வாரத்தில் அதன் பழைய வலிமையில் பாதியைச் சற்றே கடந்திருக்கும். 6, 7 மாதங்களில்தான் முக்கால் பங்குக்கும் மேல் எட்டுகிறது. முதல் வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

கையை மேலே நீட்டும்போதும் நிமிரும்போதும் இழுத்தால், தழும்பு அடித்திசுக்களோடு ஒட்டியிருப்பது காரணமாகலாம். காயம் முழுவதும் ஆறிய பிறகு, ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து, தழும்பையும் சுற்றியுள்ள தோலையும் விரல்நுனியால் எல்லாத் திசைகளிலும் மென்மையாக நகர்த்தித் தேய்த்துவரலாம். தழும்பைச் சுற்றி மரத்திருப்பது மாதக்கணக்கில் நீடிக்கலாம். அது மட்டும் இருந்தால் பயிற்சிக்குத் தடையில்லை. தழும்பின் ஓர் ஓரத்தில் மட்டும் விரல்நுனி அளவு இடத்தில் சுரீரென்ற எரிவலி இருந்தால் நரம்பு சிக்கியிருக்கலாம்; ஒவ்வொரு மாதவிடாயின்போதும் தழும்பில் கட்டி தோன்றி வலித்தால் கருப்பை உட்சவ்வுத் திசு அங்கு தங்கியிருக்கலாம். இரண்டும் மருத்துவர் பார்க்க வேண்டியவை; தேய்த்தும் நீட்டியும் அவற்றைச் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி: இடுப்பு, முதுகு, மணிக்கட்டு வலி

முதுகுவலிக்குப் பயிற்சியைக் குறை சொல்லும் முன் பால் கொடுக்கும் நிலையைப் பாருங்கள். குழந்தையை மார்புக்கு உயர்த்தத் தலையணை இல்லாமல், குனிந்து நாளுக்கு எட்டு முறைக்கு மேல் அமர்ந்திருக்கும் முதுகு, வாரம் மூன்று நாள் செய்யும் பயிற்சியால் சீராகிவிடாது.

ஒற்றைக் காலில் நிற்கும்போதும், படுக்கையில் புரளும்போதும், உடை மாற்றும்போதும் முன்பக்க இடுப்பெலும்பு இணைப்பில் வலித்தால், சில வாரங்கள் அடிகளைச் சிறிதாக வைத்து நடங்கள்; அமர்ந்து உடை மாற்றுங்கள்; கால்களை அகற்றிச் செய்யும் பயிற்சிகளைத் தவிருங்கள். இரண்டு கால்களையும் ஊன்றிப் பிட்டத்தை உயர்த்தும் பிரிட்ஜ் பயிற்சி வலியின்றி வந்தால் அதைத் தொடரலாம். நடப்பதே கடினமானால் இயன்முறை மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஓட்டம் தொடங்கிய பிறகு, பிட்டத்தின் மேற்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வலித்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடி, இரவிலும் அடங்காவிட்டால் உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பில் நுண்முறிவு ஏற்படுவது அரிது; ஆனால் பால் கொடுக்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி தற்காலிகமாகக் குறைவதால் அதை மனத்தில் கொள்ள வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.

கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலி, குழந்தையைக் கட்டைவிரலை விரித்து அக்குளில் பிடித்துத் தூக்குவதால் வருவது. உள்ளங்கைகளை அடியில் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். கையூன்றும் பயிற்சிகளைச் சுவரில் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் கட்டைவிரல் பட்டையும், அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் போடும் ஊசியும் உண்டு.

## அறிகுறி: சிறிய உழைப்புக்கே மூச்சிரைப்பு, படபடப்பு, தீராத சோர்வு

தூக்கமின்மையும் போதிய உணவின்மையும் முதல் காரணங்கள். இரவு மூன்று மணி நேரமே தூங்கியிருந்தால் அன்று பயிற்சியை நடையாகக் குறைப்பதே சரியான முடிவு. இரண்டு நாள் நல்ல தூக்கம் கிடைத்தும் படியேறும்போது இரைத்தால் ஹீமோகுளோபினைப் பரிசோதியுங்கள்; பிரசவத்தில் ரத்தம் அதிகம் இழந்தவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தசோகை இருக்கும்போது பயிற்சியைக் கூட்டிப் பலமடைய முயல்வது வீண்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் படபடப்பு, நடுக்கம், காரணமின்றி எடை குறைதல், அல்லது அதற்கு மாறாகக் குளிர் தாங்காமை, முடி உதிர்தல், எடை கூடுதல் ஆகியவை இருந்தால் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும். பிரசவத்திற்குப் பிந்தைய முதலாண்டில் அந்தச் சுரப்பியில் அழற்சி ஏற்படுவதுண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் இருமல் எழுப்புகிறது, இரண்டு கால்களும் வீங்குகின்றன என்றால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இதயத்தசை பலவீனமடையும் ஒரு நிலை பிரசவத்திற்குப் பிந்தைய 5 மாதங்கள் வரை தோன்றக்கூடும். அது சாதாரணக் களைப்பு என்றே தவறாக எண்ணப்படுகிறது.

எதிலும் ஈடுபாடின்மையும் அழுகையும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அதுவும் சோர்வின் காரணங்களில் ஒன்றாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். நடைப்பயிற்சி அதற்கு உதவும். ஆனால் சிகிச்சைக்கு மாற்றாகாது.

## அறிகுறி: மார்பக வலி, பால் குறைந்ததோ என்ற ஐயம்

மிதமான பயிற்சி பாலின் அளவையோ தரத்தையோ குறைப்பதில்லை. பயிற்சிக்குச் சற்று முன் பால் கொடுத்துவிட்டு, நன்றாகத் தாங்கும் உள்ளாடை அணிந்து செய்யுங்கள். பயிற்சிக்குப் பின் குழந்தை மறுத்தால் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். இறுக்கமான உள்ளாடையை மணிக்கணக்கில் கழற்றாமல் இருப்பது பால்கட்டுக்கு வழிவகுக்கும். மார்பில் ஓரிடம் சிவந்து இறுகி, காய்ச்சலும் சேர்ந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

## அறிகுறி எதுவும் இல்லை, ஓடத் தொடங்கலாமா?

பிரிட்டனைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர்கள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், எந்த வகைப் பிரசவமாக இருந்தாலும் 12 வாரத்திற்கு முன் ஓட்டம் வேண்டாம் என்கிறது. 12 வாரம் கடந்ததும் தானாகவே தகுதி வந்துவிடாது. அதற்கும் சோதனை உண்டு. கசிவு, கனம், வலி எதுவுமின்றி 30 நிமிடம் நடக்க முடிகிறதா. ஒற்றைக் காலில் 10 நொடி நிற்க முடிகிறதா. ஒவ்வொரு காலிலும் பத்து முறை பாதி அளவுக்குக் குந்தி எழ முடிகிறதா. நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓட முடிகிறதா. ஒவ்வொரு காலிலும் பத்து முறை நொண்டியடிக்க முடிகிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் கால் பிரிட்ஜ், நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுவது, ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது ஆகிய நான்கையும் ஒவ்வொரு காலிலும் இருபது முறை செய்ய முடிவது தசை வலிமைக்கான அளவுகோல்.

எந்த இடத்தில் தடைபடுகிறதோ அதுவே அடுத்த சில வாரங்களுக்கான பயிற்சி. தடைபட்டது அறிகுறியால் என்றால், மேலே அந்த அறிகுறியின் பகுதிக்குத் திரும்ப வேண்டும். அனைத்தையும் கடந்தவர்கள் ஒரு நிமிடம் மெல்ல ஓடி இரண்டு நிமிடம் நடப்பதை ஆறு அல்லது எட்டு முறை செய்து, மறுநாள் முழுவதும் கவனித்துவிட்டு, ஒரு நாள் இடைவெளியில் மீண்டும் அதே அளவை ஓட வேண்டும். ஒரு வாரம் தொந்தரவின்றிச் சென்றால் ஓடும் நேரத்தை மட்டும் கூட்டலாம். 20 முதல் 30 நிமிடம் இடைவிடாமல் ஓட வந்த பிறகே வேகத்தைக் கூட்டத் தொடங்குங்கள்.